மீசை வைத்த பறவை

நாலு பத்து. ஐந்து மணிக்குள் நான் சொல்லியாக வேண்டும். ஆமாம் என்று அடித்து வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. போன் ஜன்னல் திட்டில் கிடக்கிறது, மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை, காம்பும் இலையுமாக ஒரு கட்டு, உருவ உருவக் குறையவே மாட்டேன் என்கிறது. செக்ரட்டரி ஞானையா காலையிலேயே குரூப்பில் போட்டுவிட்டார். கிழக்குச் சுவர் ஓரத்து நுணா மரத்திலும் அதன் அடியில் இருக்கிற இட்லிப்பூச் செடிகளிலும் புழு இருப்பதால் இன்று மாலை ஐந்து மணிக்கு மருந்து அடிக்கப்படும், உலகம்மாள் மேடம் சொல்வதுபோல் அங்கே ஹம்மிங் பேர்டு வருவது உண்மையென்றால் அந்தப் பக்கம் மட்டும் விட்டுவிடலாம், பறவைக்குப் பாதிப்பு வரக் கூடாது, மேடம் உறுதி செய்யவும். என் பெயரைப் போட்டு. அறுபத்து நாலு வீடும் பார்க்கிற இடத்தில். ஞானையா நல்ல மனுஷர்தான், கோயில் கமிட்டிக்குக் கடிதம் எழுதுகிற மாதிரியே குரூப்புக்கும் எழுதுவார், முற்றுப்புள்ளி எல்லாம் வைத்து. இந்த நல்ல மனுஷர்களோடுதான் பெரிய கஷ்டம். எதிர்த்துச் சண்டை போட்டால் இந்நேரம் போட்டு முடித்துக் கீரையைத் தாளித்திருப்பேன். மூன்றாவது மாடியில் அவர் வீட்டுப் பால்கனியில் துணிக்கொடிக் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது என்று மூன்று வாரமாகத் துணியே காயப்போடாமல் ஹாலில் மின்விசிறிக்குக் கீழே காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் வேட்டி ஈரவாடை லிஃப்ட் வரைக்கும் வருகிறது. பறவை என்றால் அவருக்கு அப்படி. பறவை என்றால் எல்லோருக்கும் அப்படித்தான். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு ஆமாம். நான் சொன்னால் சொன்னதுதான் என்று இந்தக் காம்பவுண்டில் பேர் எடுத்து வைத்திருக்கிறேன், தண்ணீர் மோட்டார் விஷயத்தில் எடுத்த பேர், அந்தப் பேருக்கு ஒரு ஆமாம் போதும், மரம் தப்பிவிடும். பிறகு ஏன் கை வரவில்லை. கீரைச்சாறு பட்டு விரல் பச்சையாக இருக்கிறது, பச்சை விரலோடு போனைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். இல்லை. அவ்வளவுதான் இல்லை.

பூச்சி என்றுதான் எனக்குத் தெரியுமே. நேற்று மத்தியானத்திலிருந்து தெரியும். அவர் போனில் எடுத்த படம். என் வீட்டுக்காரர் குற்றாலலிங்கம், ஒரு படத்தில் கல்யாண மாப்பிள்ளை தலையை வெட்டி எடுத்தவர், இதை மட்டும் அச்சடித்த மாதிரி எடுத்துத் தொலைத்திருக்கிறார். சிவப்பு இட்லிப்பூக் கொத்து, அதற்கு நாலு விரல் எட்ட நின்று குடிக்கிற அது, வால் பக்கம் விசிறி மாதிரி விரிந்த முடி, பின்சிறகில் பழுப்பும் ஆரஞ்சும், எல்லாம் சரி, தலையில் இரண்டு மீசை. முன்னால் நீட்டிக்கொண்டு, நுனி கொஞ்சம் தடித்து. எந்தப் பறவைக்கு மீசை இருக்கிறது. அலகு என்று இத்தனை நாள் நினைத்தது அலகு இல்லை, நாக்கு. பூவை விட்டு விலகும்போது சுருட்டி வைத்துக்கொள்கிறது, அடுத்த படத்தில் அதுவும் விழுந்திருக்கிறது, கைக்கடிகார ஸ்பிரிங் மாதிரி. அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "பறவைன்னே இருந்துட்டுப் போட்டும் உலகு, யாருக்கு என்ன" என்றார். யாருக்கு என்னவா. நாலாவது மாடி ரூபவதி மேடத்துக்கு என்ன. காலேஜில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்திவிட்டு இப்போது மகள் பிரசவத்துக்காகச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே குரூப்பில் போடுகிறாள்: இந்தியாவில் ஹம்மிங் பேர்டு கிடையாது, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு, நீங்கள் பார்த்தது ஒருவகை அந்துப்பூச்சியாக இருக்கும். கீழே ஒரு சிரிப்பு பொம்மை. அந்துப்பூச்சியாம். அரிசி டிரம்மைத் திறந்தால் மூஞ்சியில் பறக்குமே, வேப்பிலை போட்டும் வற்றல் மிளகாய் போட்டும் போகாமல், அதுவும் அந்துதான், பட்டுச்சேலையில் ஓட்டை போடுகிறதும் அந்துதான், இதுவும் அந்துவாம். இத்தனை அழகான சாமானுக்கு ஒரு நல்ல பேர் வைக்கத் துப்பில்லை நமக்கு. காலில்லாமல் நெளிந்தால் பூச்சி, எட்டுக் கால் இருந்தால் பூச்சி, வயிற்றுக்குள் இருந்தால் பூச்சி, பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது பயமுறுத்த இருட்டில் வைத்திருக்கிறதும் பூச்சாண்டி. அந்தச் சொல்லைச் சொன்னவுடனே பின்னாலேயே இன்னொரு சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, மருந்து. பூச்சிமருந்து. பறவை மருந்து என்று சொல்லிப்பாருங்கள், காலொடிந்த புறாவுக்குப் போடுகிற களிம்பு ஞாபகம் வரும். பூச்சிமருந்து என்றால் சாகடிக்கிறது. மருந்து என்கிற ஒரே சொல், எதற்குப் பின்னால் நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பிழைக்க வைக்கும், கொல்லும். நான் ஐந்து மணிக்குச் சொல்லப்போகிற சொல் அப்படிப்பட்டது.

வந்துவிட்டது. கீழே, இட்லிப்பூவில். ஜன்னல் கம்பியில் நெற்றி பட நான் இப்படி உட்கார்ந்து பார்ப்பது இது பதினொன்றாவது நாள், மழை விட்டதிலிருந்து. முதலில் தேன்சிட்டு, பொட்டை, மஞ்சள் வயிறு, ஒரு இடத்தில் நிற்காது, வருவதற்கு முன்னாலேயே ஸ்விட் ஸ்விட்டென்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வரும். வந்தால் உட்கார வேண்டும் அதற்கு. கொப்பைப் பிடித்துத் தொங்கியாவது, தலைகீழாகவாவது, பிடிமானம் வேண்டும். பூவின் வாய் வழியாகக் குடித்தால் என்ன, குடிக்காது, குழலின் அடியில் அலகால் ஓட்டை போட்டு உறிஞ்சிவிட்டுப் போகும்; முன்வாசல் இருக்கக் கொல்லைப்புறமாக வருகிற சொந்தக்காரர்கள் மாதிரி. அது போனதும் இது. சத்தமே கிடையாது, கிட்டே போனால் ஒரு ரீங்காரம், தையல் மெஷின் பக்கத்து வீட்டில் ஓடுகிற மாதிரி. உட்காராது. ஒரு பூ, அடுத்த பூ, அதற்கடுத்தது, விட்ட இடத்தைச் சரியாக ஞாபகம் வைத்துக்கொண்டு, பூவைத் தொடாமல், ஒரு இதழ் அசையாமல் நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறது. நான் காலையில் காபி குடிக்கிற மாதிரி. இருபத்தாறு வருஷத்தில் என்றைக்காவது காபியை உட்கார்ந்து குடித்திருக்கிறேனா, ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் தோசைக்கரண்டி. சிறகு தெரியவில்லை, சிறகு இருக்கிற இடத்தில் ஒரு கலங்கல் மட்டும். இதை முதலில் பார்த்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஹம்மிங் பேர்டு என்று உடனே சொன்னேன், அவரிடம் சொன்னேன், குரூப்பில் போட்டேன், ரூபவதி மறுத்தபோது நான் ஐந்தாம் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன் மேடம், எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டரே காட்டித் தந்தார் என்று எழுதினேன். கல்யாணமான புதிதில் அவரிடமும் சொல்லியிருக்கிறேன் இந்தக் கதையை. சிஸ்டர் கொன்சாகா. இங்கிலீஷ் ரீடரில் ஹம்மிங் பேர்டு பாடம், வழவழப்பான தாளில் கலர் படம், சிஸ்டர் வாசித்துக்கொண்டே வருகிறார், ஜன்னலுக்கு வெளியே வேலியோரத்து இட்லிப்பூவில் அதே சாமான் வந்து நிற்கிறது. சிஸ்டர் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். சில்ட்ரன், லுக். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. இதுதான் கதை. இவ்வளவுதான் நான் எல்லோரிடமும் சொல்கிற கதை. முழங்கால் அரிக்கிறது. முறத்தை இறக்கி வைத்துச் சொறிந்துவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும், காம்பு ஒன்று கூடக் கீரையில் விழக் கூடாது, விழுந்தால் அவருக்குத் தொண்டையில் நின்றுவிடும்.

எதற்கு முழங்கால் அரிக்க வேண்டும். கொசு இல்லை, நாலரை மணிக்கு ஏது கொசு. அந்த வகுப்பு வாசலில் சிமெண்ட் பூசாமல் விட்ட ஒரு இடம் இருந்தது, சல்லி தெரியும், மழைக்காலத்தில் கறுப்புப் பாசி பிடிக்கும். அது எனக்கு எப்படித் தெரியும், வாசலைத் தாண்டிப் போகிறவளுக்குப் பாசியின் வாடை எப்படித் தெரியும். கிட்டே இருந்தால்தான் தெரியும். மணிக்கணக்காகக் கிட்டே. நேற்று அந்தப் படத்தில் மீசையைப் பார்த்தபோது இதைத்தான் பயந்திருக்கிறேன் போலிருக்கிறது, ரூபவதியை அல்ல. மீசை என்று நான் இதற்கு முன்னால் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். சத்தமாக. சில்ட்ரன் லுக், முகம் மலர்ந்தது, எல்லாப் பிள்ளைகளும் ஜன்னலுக்கு ஓடின, நான் ஜன்னலோரத்துப் பெஞ்சு, எனக்குத்தான் கிட்டே தெரிந்தது, நான் சொன்னேன், "சிஸ்டர், அதுக்கு மீசை இருக்கு, அது பூச்சி." தமிழில் சொன்னேன். முதல் குற்றம் அது. வகுப்பு சிரித்தது, இரண்டாவது குற்றம். மலர்ந்த முகம் அப்படியே மூடிக்கொண்டது. "இன் இங்கிலீஷ், உலகா." பூச்சிக்கு எனக்கு அன்றைக்கு இங்கிலீஷ் வரவில்லை. இன்செக்ட் என்று தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன், வாயில் வரவில்லை, பூச்சிதான் வந்தது, மறுபடியும் பூச்சி, மூன்றாவது தடவை சொன்னபோது அழுகையோடு பூச்சி. வாசலில் முட்டி போடச் சொன்னார். அது என்ன என்று சரியாகச் சொல்கிறவரைக்கும். அடுத்த மணி கணக்கு, அதற்கடுத்தது மாரல் சயின்ஸ், மாரல் சயின்ஸுக்கும் அவரேதான் வந்தார். உள்ளே உண்மையே பேச வேண்டும் என்று நடத்திக்கொண்டிருந்தார், நான் வாசலில். கடைசி மணிக்கு முன்னால் வந்து நின்றார், வெள்ளை அங்கியின் ஓரம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "வாட் இஸ் இட், உலகா?" ஹம்மிங் பேர்டு, சிஸ்டர். "ஃபுல் சென்டென்ஸ்." இட் இஸ் எ ஹம்மிங் பேர்டு, சிஸ்டர். எழுந்திரு என்றார், கன்னத்தைத் தட்டினார், சாமி படம் போட்ட அட்டை ஒன்று கொடுத்தார். அட்டை எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் கேவலம். அந்த அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் பறவை பார்த்தேன் என்று சொன்னாள். மறு வருஷமும் சொன்னாள். முட்டி போட்டதைக் கதையிலிருந்து உருவிப் போட்டுவிட்டாள், இதோ இந்தக் காம்பு மாதிரி, இலை மட்டும் மிச்சம். நாற்பத்து மூன்று வருஷமாக நான் காட்டிக்கொண்டிருக்கிறது சிஸ்டர் கொன்சாகாவின் பறவை. என் கண்ணில் பட்டது பூச்சி. பத்து வயதில் எனக்குச் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது.

இதில் இன்னொன்று இருக்கிறது, அதைத் தொடாமல் போய்விடலாம் என்று பார்க்கிறேன், போக விடமாட்டேன் என்கிறது. பறவைன்னே இருந்துட்டுப் போட்டும். அவர் அதைச் சொன்ன குரல். அந்தக் குரல் எனக்குத் தெரியும், அது என் குரல், வாசலில் முட்டி போட்டபடி சொன்ன குரல். இந்த வீட்டில் யார் சிஸ்டர். "ஏங்க," என்று கூப்பிட்டேன். உள்ளே பேப்பர் மடங்குகிற சத்தம். வந்து கதவில் சாய்ந்து நின்றார், இரண்டு நாள் தாடி. "அது பறவை இல்லைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" "எது?" "எதுவா. இட்லிப்பூல வாரது." அவர் கீரையைப் பார்த்தார். "போன வெள்ளிக்கிழமையே தெரியும்." "பின்ன ஏன் சொல்லல?" "சொன்னா கேட்டுருவியாக்கும்." சிரிக்கவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை, மழை வரும்போலிருக்கு என்கிற மாதிரி சொன்னார். "கேக்க மாட்டேனா நான்?" "மாட்டே உலகு. சாம்பார்ல உப்பு கூடன்னு சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆச்சு." போய்விட்டார். பேப்பர் மறுபடி விரிகிறது. ஏழு வருஷம் அந்த மனுஷர் உப்புச் சாம்பாரை நல்லாருக்கு என்று சாப்பிட்டிருக்கிறார். ஃபுல் சென்டென்ஸில். வேறு என்னென்ன நல்லாருக்கு என்று சொன்னார், பச்சைச் சுவர் நல்லாருக்கு, இந்த ஃபிளாட் நல்லாருக்கு, என் தம்பி வீட்டோடு பேச வேண்டாம் என்று நான் சொன்னது சரிதான் என்றும். நான் கோபக்காரி என்று எனக்குத் தெரியும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. ஆனால் என் முன்னால் ஆட்கள் முட்டி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்ததில்லை. இதை இப்போது நினைத்து முடிக்க முடியாது, நாலு நாற்பது, இது ராத்திரிக்கும் நாளைக்கும் அடுத்த வருஷத்துக்கும் இருக்கும். இப்போது ஐந்து மணிக்கானது மட்டும்.

ஆமாம் என்று அனுப்பினால் மரம் தப்பும். பொய் சொல்லி ஒரு உயிரைக் காப்பாற்றுவதில் தப்பில்லை என்று சிஸ்டரே மாரல் சயின்ஸில் சொல்லியிருப்பார், கேட்டால். அனுப்பினால் அடுத்த மாதம் ரூபவதி ஊருக்கு வந்து தன் கண்ணால் பார்ப்பாள், அப்போது மருந்தும் வரும், என் பேரும் போகும். அது கூட இல்லை. நாளைக்கே புழு யார் வீட்டு ஸ்கூட்டரிலாவது விழும், பறவை இருக்கட்டும் புழுவை மட்டும் கொல்லலாமா மேடம் என்று ஞானையா கேட்பார், முற்றுப்புள்ளியோடு, அந்தப் புழு வளர்ந்துதான் அந்தப் பறவை என்று அப்போது எப்படிச் சொல்வேன். இல்லை என்று அனுப்பினால் இன்றைக்கே மருந்து. ஆமாமும் மருந்துதான், இல்லையும் மருந்துதான், கொஞ்சம் முன்னே பின்னே. தேன்சிட்டு மறுபடி வந்திருக்கிறது. இந்தத் தடவை பூவுக்கு வரவில்லை, நேரே நுணாவுக்குள் போகிறது, இலைக்கு அடியில் தொங்கி எதையோ பிடுங்குகிறது, வெளியே வருகிறது, ஸ்விட் இல்லை, வாயில் ஏதோ இருக்கிறது. பச்சையாக, சின்னதாக, நெளிகிறது. நேரே மேலே. எழுந்து ஜன்னல் கம்பியில் கன்னத்தை ஒட்டி அண்ணாந்து பார்த்தேன். மூன்றாவது மாடி. ஞானையா பால்கனி. கொஞ்ச நேரத்தில் வெறும் வாயோடு இறங்கி வந்து மறுபடி நுணாவுக்குள். மறுபடி பச்சை. மறுபடி மேலே. இந்தப் பதினொரு நாளும் இது என் கண் முன்னால் நடந்திருக்கிறது, நான் எது பறவை எது பறவை என்று தேடிக்கொண்டு இதைப் பார்க்கவில்லை. போனை எடுத்தேன், பச்சை விரலோடுதான். ஆமாமை அழித்தேன். இல்லை என்று அடிக்கவுமில்லை. இது ஒரு சொல்லில் சொல்கிற விஷயம் கிடையாது.

செருப்பைத் தேடினேன், ஒன்றுதான் கிடைத்தது, இன்னொன்று ஜோடி மாறி அவர் காலில். வெறுங்காலோடு இறங்கினேன், லிஃப்டில் ஈரவேட்டி வாடைக்குப் பயந்து படியில், முதல் மாடிதானே என்று பார்த்தால் பதினெட்டுப் படி, ஒவ்வொன்றுக்கும் வலது முழங்கால் பதில் சொல்கிறது. கையில் முறம் இருப்பது பாதிப் படியில்தான் தெரிந்தது. கிழக்குச் சுவருக்கு முன்னால் ஞானையா வெள்ளைச் சட்டையில் நிற்கிறார், பக்கத்தில் சுடலைக்கண்ணு, காலனி காலனியாக மருந்து அடிக்கிறவன், முதுகில் நீலத் தொட்டி, வாயில் துண்டு கட்டியிருக்கிறான், கையில் குழாய். மருந்து வாடை, மண்ணெண்ணெயும் கெட்டுப்போன பூண்டும் கலந்த மாதிரி. "மேடமே வந்துட்டாங்க," என்றார் ஞானையா, "உங்க மெசேஜுக்குத்தான் நிக்கேன். பறவைதானே?" இட்லிப்பூவில் அது இன்னும் குடித்துக்கொண்டிருந்தது, எங்கள் மூன்று பேரையும் சட்டை பண்ணாமல். நான் சொன்னேன், "பறவை இல்ல சார். பூச்சி. நான் தப்பாச் சொல்லிட்டேன்." சொன்னவுடன் தொண்டை லேசானது, காம்பு இறங்கின மாதிரி. சுடலைக்கண்ணு துண்டை இறக்கி, "பூச்சின்னா அடிச்சிர வேண்டியதுதானக்கா, அதுக்குத்தான வந்துருக்கேன்," என்று பம்பில் கை வைத்தான். நான் குழாய்க்கும் செடிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன், முறத்தோடு. "அடிக்கக் கூடாது." "யக்கா, மேல பட்டா சொறியும்." "சொறியட்டும்."

ஞானையா பதறிவிட்டார், சண்டையென்றால் அவருக்கு வேர்க்கும். "மேடம், நீங்கதானே இப்பப் பூச்சின்னு சொன்னீங்க." "ஆமா சொன்னேன். சார், உங்க வீட்டுக் கம்பியில எத்தனை குஞ்சு?" முகம் உடனே மாறியது. "ரெண்டு. இன்னைக்கு ஒண்ணு கண்ணு முழிச்சிருக்கு." "அதுக்குத் தாய் என்ன ஊட்டுது?" "தேன்தான, தேன்சிட்டுலா." "கொஞ்சம் பேசாம இங்கனயே நில்லுங்க," என்றேன். நின்றோம். சுடலைக்கண்ணு மணியைப் பார்த்தான், இன்னும் ரெண்டு காலனி கெடக்கு என்று முனகினான். எனக்குப் பயமாக இருந்தது, வராமல் போய்விட்டால், என்றைக்கும் இல்லாமல் இன்றைக்குப் பார்த்து அந்தக் கழுதை தேனுக்கே போய்விட்டால். இன்னொரு தடவை தப்பு என்று சொல்ல என்னிடம் வாய் மிச்சம் இல்லை. நுணா இலை அசைந்தது. வந்தது, வாயில் பச்சை, ஞானையா தலைக்கு மேலே போய், மேலே, மூன்றாவது மாடிக் கம்பிக்கு. அவர் கழுத்து அதோடு சேர்ந்து மேலே போனது. ரொம்ப நேரம் கழுத்தை இறக்கவில்லை. "அது அந்தப் புழுவா," என்றார் கடைசியில், யாரிடமோ. "அதான். அதுல தப்பினதுதான் இது," என்று இட்லிப்பூவைக் காட்டினேன். சுடலைக்கண்ணு குழாயைத் தாழ்த்தி, பூவில் நின்றதைக் குனிந்து பார்த்தான். "இதை நான் இத்தனை நாளும் சின்னக் குருவின்னுல்லா நினைச்சேன்," என்றான், "மீசை வச்சிருக்கு."

ஞானையா போனை எடுத்தார், ஒரு விரலால் அடிக்கத் தொடங்கினார், பாதியில் நிறுத்தினார். "குரூப்புல என்னன்னு போட மேடம்? ரூபவதி மேடம் பார்ப்பாங்க." பார்க்கட்டும். நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், அது பறவை இல்லை, பூச்சி, அதனால் மருந்து அடிக்க வேண்டாம், இப்படிக்கு உலகம்மாள். அவர் விரல் தயங்கியது. "'ஆனாலும்'னு வரணும்லா மேடம். பூச்சி, ஆனாலும் மருந்து வேண்டாம். அதுதான சரியா வரும்." "இல்ல சார். அதனால. அப்படியே போடுங்க." வெயில் சுவரில் மேலே ஏறிக்கொண்டிருந்தது, முழங்கால் கடுகடுத்தது, சுடலைக்கண்ணு தொட்டியை இறக்கி வைத்துவிட்டு மருந்து டப்பாக்கள் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, இருங்கக்கா என்று தள்ளினான். வேண்டாம் என்றேன். ஞானையா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து, முற்றுப்புள்ளி வைத்து, அனுப்புகிறவரைக்கும் நின்றுகொண்டே இருந்தேன்.